பழைய நேரம் நாலு பதினேழு

நான் ஓய்வு பெற்று இரண்டு கிழமை ஆகவில்லை, ஆய்வுகூடத்திலிருந்து தர்சிகா போன் எடுத்தாள். இருபத்தெட்டு வருஷம் நான் தேய்த்த கதிரையில் இப்போது இருப்பவள் அவள்தான். புதிய கணினிகள் வந்துவிட்டனவாம், பழையவற்றைக் கழற்றி மூலையில் அடுக்குகிறார்களாம். அந்தப் பழைய திரைகள் எல்லாவற்றின் விளிம்பிலும் என் கையெழுத்தில் ஒரு சின்னத் தாள் ஒட்டியிருக்கும். "முதலில் மணிக்கூட்டைப் பார்" என்று எழுதியிருக்கும். ஒவ்வொரு முறை கணினி மாறியபோதும் நானே புதிதாக எழுதி ஒட்டியது.

"அக்கா, உந்தத் தாளைப் புதுசிலையும் ஒட்டவேணுமோ? இப்ப மணிக்கூடு தன்ரை பாட்டிலை சரியாகுது," என்றாள்.

கேள்வி நியாயமானதுதான். இப்போது போனில் வாசித்த கடிதம் கணினியிலும் வாசித்ததாகக் காட்டுகிறது. ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அழிகிறது. யார் இதைச் செய்கிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. ஒரு காலத்தில் அதைச் செய்தவள் நான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவள் விடவில்லை. ஆய்வுகூடத்தின் ஆண்டு மலருக்கு அரைப்பக்கம் எழுதித் தரும்படியும் கேட்டுவைத்தாள். அரைப்பக்கத்தில் அடங்குகிற விஷயம் என்றால் அதை நான் எப்போதோ மறந்திருப்பேன்.

என் படிப்பு பெரிதில்லை. தட்டெழுத்துப் படித்தேன், மானிப்பாயில் இருந்த அந்தச் சிறிய தனியார் ஆய்வுகூடத்தில் போத்தல்களுக்குப் பெயர் ஒட்டவும் அறிக்கை அடிக்கவும் சேர்ந்தேன். சண்டை ஓய்ந்து பாதை திறந்து, தொலைபேசி இணைப்பு ஓரளவு கிடைக்கத் தொடங்கிய காலத்தில் டொக்டர் கொழும்பிலிருந்து பழைய கணினி இரண்டை வருவித்தார். ஒன்று ஆய்வுகூடத்துக்கு, மற்றது இணுவிலில் அவருடைய வீட்டுக்கு. என்னைப் பட்டணத்தில் இரண்டு கிழமை வகுப்புக்கு அனுப்பினார். திரும்பி வந்த அன்றிலிருந்து நான் கொம்பியூட்டர் பிள்ளை. மவுஸை எந்தப் பக்கம் நகர்த்துவது என்றே சரியாகத் தெரியாது, அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

டொக்டர் நோயியல் நிபுணர். உடம்பில் வெட்டி எடுத்த துண்டை நுணுக்குக்காட்டியில் பார்த்து இது இன்ன நோய் என்று சொல்பவர். அந்த வேலைக்கு அப்போது குடாநாட்டில் ஆட்கள் மிகக் குறைவு. சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருந்து கேட்க அவருக்கு ஒருவரும் இல்லை. சைக்கிளில் வருவார். கால்சட்டை ஓரம் சங்கிலியில் மாட்டாமல் இருக்கப் போட்ட இரும்புக் கிளிப்பைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்தால் வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சேட்டு நுனியால் துடைப்பார். துடைக்கும் நேரத்தை வைத்துக் கோபத்தின் அளவை நாங்கள் கணக்கிடுவோம். இன்னொரு பழக்கமும் உண்டு. எந்தத் தாளில் எதை எழுதினாலும் அடியில் நேரம் போடுவார். "கத்தரிக்காய், பச்சைமிளகாய், 7.40" என்று சந்தைத் துண்டுக்கே நேரம் போட்டிருந்ததைக் கண்டிருக்கிறேன்.

கேட்க ஆளில்லாத அந்த மனிதருக்குக் கணினி கொண்டுவந்து கொடுத்தது ஒரு செய்திக்குழு. உலகத்தின் பல மூலைகளில் இருக்கும் நோயியல்காரர்கள் கேள்வி போட்டுப் பதில் எழுதுகிற பொதுப் பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வாசிப்பதற்கென்று ஒரு மென்பொருள், மின்னஞ்சலுக்கு இன்னொன்று. டொக்டரின் வீட்டில் தொலைபேசி இணைப்பு இல்லை. அதனால் ஆய்வுகூடத்தில்தான் இணைப்பை எடுத்து எல்லாவற்றையும் இறக்குவோம். அவர் அதைப் பிளொப்பி என்ற சின்னத் தட்டில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் ஆறுதலாக வாசித்துப் பதில் எழுதி, காலையில் திரும்பக் கொண்டுவருவார்.

தொல்லை அங்கேதான் தொடங்கியது. ஆய்வுகூடத்தில் வாசித்தது வீட்டில் வாசிக்காததாகவே கிடக்கும். குழுவில் ஒரு சண்டைக்காரர் இருந்தார். அவருடைய கடிதம் கண்ணில் படக்கூடாது என்று டொக்டர் ஆய்வுகூடக் கணினியில் தடுத்துவைத்திருந்தார். வீட்டுக் கணினிக்கு அது தெரியாதே, அந்த ஆள் அங்கே வந்து இராச்சாப்பாட்டைக் கெடுத்துவிடுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே கேள்விக்கு டொக்டர் ஆய்வுகூடத்திலிருந்து ஒரு பதிலும், மறந்துபோய் வீட்டிலிருந்து கொஞ்சம் வேறான இன்னொரு பதிலும் எழுதிவிட்டார். யாழ்ப்பாணத்தில் இந்தப் பெயரில் இரண்டு டொக்டர்மார் இருக்கிறார்களா என்று குழுவில் யாரோ கேட்டிருந்தார்கள். அன்று கண்ணாடி நெடுநேரம் துடைக்கப்பட்டது.

"பிள்ளை, ரெண்டையும் ஒண்டாக்கித் தாரும்," என்றார்.

நான் ஒன்றாக்கினேன். வகுப்புக் குறிப்புகளை வைத்து நாலு வரியில் ஒரு கட்டளைக் கோப்பு எழுதினேன். பெட்டியில் இருக்கும் கடிதங்கள், முகவரிகள், எதை வாசித்தாயிற்று என்ற அடையாளங்கள், யாரைத் தடுப்பது என்ற பட்டியல், எல்லாம் சில கோப்புகளுக்குள்தான் இருந்தன. என் நாலு வரி செய்தது இவ்வளவுதான்: இரண்டு பக்கத்திலும் அந்தக் கோப்பைக் கடைசியாகச் சேமித்த நேரத்தைப் பார், கொண்டுவருவது புதியதாக இருந்தால் மட்டும் அதைப் பழையதன் மேல் எழுது. பின்னேரம் வேலை முடிந்ததும் மென்பொருளை மூடிவிட்டு (மூடும்போதுதான் கோப்பு சேமிக்கப்படும்) கணினியிலிருந்து பிளொப்பிக்கு. வீட்டில் டொக்டர் பிளொப்பியிலிருந்து கணினிக்கு. எழுதி முடித்ததும் அங்கிருந்து பிளொப்பிக்கு. காலையில் நான் பிளொப்பியிலிருந்து ஆய்வுகூடக் கணினிக்கு. பிறகு இணைப்பு எடுத்து, வெளிப்பெட்டியில் இருப்பவற்றை அனுப்பி, புதியவற்றை இறக்குவேன். ஒரு அப்பியாசக் கொப்பியில் ஒவ்வொரு நாளும் எழுதுவேன்: மூடிய நேரம், அனுப்பியது எத்தனை, வந்தது எத்தனை. கடிதங்களைத் திறந்து பார்க்கமாட்டேன். அது என் வேலை இல்லை.

மூன்று வருஷம் ஒரு பிசகு இல்லை. எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி நேரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அரசாங்கம் நாட்டின் மணிக்கூட்டை அரை மணி முன்னே தள்ளிவைத்த காலம் அது. கந்தோர், பள்ளிக்கூடம், வங்கி எல்லாம் புதிய நேரம். கோயில் பூசை, கலியாண முகூர்த்தம், பிள்ளை பிறந்த குறிப்பு எல்லாம் பழைய நேரம். கலியாணக் கார்ட்டில் "பழைய நேரப்படி" என்று ஒரு சொல் கட்டாயம் இருக்கும். எங்கள் வீட்டில் முன்விறாந்தை மணிக்கூடு புதிய நேரம், குசினி மணிக்கூடு பழைய நேரம். ஒன்றிலிருந்து மற்றதுக்கு எங்கள் மூளை தானாகவே மாறிக்கொள்ளும். ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் இருப்பதுபோல, அது எங்களுக்கு ஒரு தொல்லையாகவே தெரியவில்லை.

அந்தக் காலத்தில்தான் குருநகர் அன்ரனின் கையிலிருந்து வெட்டிய சதைத்துண்டு எங்களிடம் வந்தது. அன்ரன் கடற்றொழிலாளி, அப்போது நாற்பது வயது இருக்கும். நண்டு வலை கழற்றும்போது வலக்கை ஆள்காட்டி விரலில் ஏதோ முள் ஏறியிருக்கிறது. விரல் வீங்கியது, புண் ஆறவில்லை. மருந்து மாறி மாறிக் கொடுத்தும், மூன்று முறை திறந்து துப்புரவாக்கியும் வீக்கம் உள்ளங்கைக்கு இறங்கியது. இனியும் விட்டால் முழுக்கையும் போகும் என்று சத்திரசிகிச்சை நிபுணர் பயந்தார். விரலையும் அதற்குக் கீழே உள்ளங்கையின் ஒரு பகுதியையும் எடுப்பதென்று வியாழக்கிழமை காலைக்கு நாள் குறித்துவிட்டார். அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. கையைக் காப்பாற்றத்தான் விரலைக் கேட்டார்.

டொக்டருக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. துண்டை நுணுக்குக்காட்டியில் திரும்பத் திரும்பப் பார்த்தார். சாதாரணக் கிருமி வேலை இது இல்லை என்றார். எது என்று சொல்ல அவராலும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை செய்திக்குழுவில் கேள்வி போடுவதற்கென்றே ஆய்வுகூடத்தைத் திறக்கச் சொன்னார்.

அன்ரனின் மனைவி றெஜினா ஒவ்வொரு நாளும் பஸ் எடுத்து மானிப்பாய்க்கு வந்து, ஆய்வுகூடக் கதவுக்கு எதிரே ஆட்கள் இருக்கப் போட்ட நீள வாங்கில் இருப்பாள். வரத் தேவையில்லை, முடிவை நாங்களே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"அங்கை இருந்தால் அவரின்ரை கையைப் பாத்துக்கொண்டிருக்க வேணும் அக்கா. இஞ்சை இருந்தால் கதவைப் பாத்துக்கொண்டிருக்கலாம்," என்றாள்.

அதற்குப் பிறகு பின்னேரத்தில் அவளுக்கு ஒரு தேத்தண்ணி கொடுப்பேன்.

திங்கட்கிழமை பின்னேரம் கடைசித் தடவையாக இணைப்பு எடுத்தபோது டொக்டரின் மின்னஞ்சலுக்கு ஒரு கடிதம் வந்தது. தூர தேசத்துத் துறைமுக நகரம் ஒன்றில் இருக்கும் நிபுணர். மூன்றே கேள்வி கேட்டிருந்தார். இந்த ஆள் மீனோடும் உப்புத் தண்ணீரோடும் வேலை செய்கிறவரா? வீக்கம் கையில் ஒரு கோடுபோல மேலே ஏறுகிறதா? கிருமியை வளர்த்துப் பார்க்க வைத்த தட்டை எந்தச் சூட்டில் வைத்தீர்கள்? பதில்கள் தான் நினைப்பதுபோல இருந்தால் கத்தி வேண்டாம், மருந்து இருக்கிறது, அதைத் தன் பொறுப்பில் எழுதித் தருவேன் என்றும் சொல்லியிருந்தார். டொக்டர் அதை என் தோளுக்கு மேலால் நின்று வாசித்தார். அவருடைய மூச்சு மாறியது எனக்குக் கேட்டது.

அன்ரனைப் பற்றிய குறிப்புகள் எல்லாம் அவருடைய வீட்டு மேசையில் இருந்தன. ஆய்வுகூடம் பூட்டும் நேரமும் ஆகிவிட்டது. மென்பொருளை மூடி, பிளொப்பியில் ஏற்றிக் கொடுத்தேன். மூடிய நேரம் நாலு இருபது என்று கொப்பியில் எழுதினேன். லாச்சியில் இருந்த கிளிப்பைக்கூட எடுக்காமல் டொக்டர் சைக்கிளில் ஏறிப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை வழக்கம்போல பிளொப்பி வந்தது. என் நாலு வரியை ஓடவிட்டேன். வெளிப்பெட்டியில் ஒன்றும் இல்லை. அனுப்பியது: இல்லை. வந்தது: குழுக் கடிதம் பன்னிரண்டு, வேறொன்றும் இல்லை. அன்றைக்கு டொக்டர் மத்தியானமும் கேட்டார், பின்னேரமும் கேட்டார், ஏதும் வந்ததா என்று. இல்லை என்றேன். றெஜினா வாங்கில் இருந்தாள்.

புதன்கிழமை காலை பத்து மணி. அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு அறுவை. டொக்டர் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, தனக்குத்தானே சொல்வதுபோல, "அந்த மனுசனும் பேசாமல் இருந்திட்டார் பிள்ளை. நான் திங்கட்கிழமை எழுதினதிலை ஏதும் பிழையோ தெரியாது," என்றார்.

திங்கட்கிழமை எழுதியது என்று ஒன்று என் கைக்கு வரவே இல்லை. கொப்பியைத் திறந்தேன். செவ்வாய்: அனுப்பியது இல்லை. அனுப்பிய கடிதங்களின் பெட்டியைத் திறந்தேன். அங்கும் இல்லை. டொக்டரிடம் சொன்னேன். செவ்வாய் இரவு வீட்டில் பார்த்தபோது வெளிப்பெட்டி காலியாக இருந்ததே, அதனால் போய்விட்டது என்றல்லவா நினைத்தேன் என்றார். அவர் நினைத்தது சரிதான். மூன்று வருஷமாக வெளிப்பெட்டி காலி என்றால் கடிதம் போய்விட்டது என்றுதான் அர்த்தம்.

அவர் பையிலிருந்து அன்ரனின் குறிப்புத்தாளை எடுத்து மேசையில் வைத்தார். அடியில் வழக்கம்போல எழுதியிருந்தார்: "பதில் எழுதியாயிற்று, 4.17."

அந்த எண்ணையும் என் கொப்பியில் இருந்த எண்ணையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"டொக்டர், நாலு பதினேழுக்கு நீங்கள் இஞ்சைதானே நிண்டனீங்கள்?"

அவர் தாளைத் தன் பக்கம் திருப்பினார். பிறகு மெதுவாக, "உது வீட்டு மணிக்கூடு. பழைய நேரம்," என்றார்.

கோயிலுக்குப் பக்கத்து வீடு. அந்த வீட்டில் எல்லாமே பழைய நேரம். கணினியை முதலில் வீட்டில் வைத்த அன்று சுவர் மணிக்கூட்டைப் பார்த்து அதிலும் நேரத்தை வைத்திருக்கிறார். மற்ற நாட்களில் வீட்டுக்குப் போய், குளித்து, கோயிலுக்குப் போய், சாப்பிட்டு, ஆறு ஏழு மணிக்குத்தான் கணினியில் இருப்பார். அரை மணி பிந்தி ஓடினாலும் அந்தக் கோப்பு ஆய்வுகூடக் கோப்பைவிடப் புதியதாகவே இருக்கும். அந்தத் திங்கட்கிழமை மட்டும், சேட்டைக்கூட மாற்றாமல், போனதும் போகாததுமாக இருந்து எழுதியிருக்கிறார். உண்மையில் அப்போது நாலு நாற்பத்தேழு. வீட்டுக் கணினிக்கு நாலு பதினேழு. ஆய்வுகூடத்தில் நான் மூடியது நாலு இருபது. மூன்று நிமிஷம் பழையது என்று என் நாலு வரி அவருடைய கடிதத்தைத் தொடவே இல்லை. செவ்வாய் பின்னேரம் ஆய்வுகூடக் கோப்பு வீட்டுக்குப் போய் அந்தக் கடிதத்தின் மேலேயே எழுதி அழித்தும்விட்டது. மூன்று வருஷத்தில் அவர் அவசரப்பட்ட ஒரே நாள் அது. அன்றைக்குத்தான் அது பிழையாய்ப் போனது.

ஒவ்வொரு நாளும் குசினிக்கும் விறாந்தைக்கும் இடையில் அரை மணியைக் கூட்டிக் கழித்தவள் நான். நேரத்தைப் பார்த்து முடிவெடுக்கும் ஒரு வேலையை இரண்டு இடத்துக்கு நடுவில் வைத்தேன், இரண்டு இடத்திலும் மணி என்ன என்று ஒருநாளும் கேட்கவில்லை. என்னால்தான் என்றேன். டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, திரும்பப் போட்டுக்கொண்டார்.

"இரும். நான் சொல்லச் சொல்ல அடியும்," என்றார்.

மூன்று கேள்விக்கும் பதில். ஓம், மீன், நண்டு, உப்புத் தண்ணீர். ஓம், கையில் கோடுபோல மூன்று கட்டிகள். தட்டை உடம்புச் சூட்டில்தான் வைத்திருக்கிறோம். பத்து முப்பதுக்குப் போனது. சத்திரசிகிச்சை நிபுணருக்கு டொக்டர் போன் எடுத்தார். வெட்டுவது தனக்கும் விருப்பமில்லை, ஆனால் இந்த நோயைக் கண்டு வைத்தியம் செய்த ஒருவர் பொறுப்பெடுத்து எழுதித் தரவேண்டும், நாளைக்கு எட்டு மணிக்குமுன் அந்தத் தாள் தன் கையில் இருக்கவேண்டும் என்றாராம். எங்களுக்கு இருந்தது ஒரே இணைப்பு. கணினி எடுத்தால் போன் வராது, போன் எடுத்தால் கணினி போகாது. அரை மணிக்கு ஒருதடவை எடுத்துப் பார்ப்பது, இல்லையென்றால் விடுவது. அந்த இணைப்பு எடுக்கும்போது வரும் கீச்சுச் சத்தம் இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது.

மத்தியானம் றெஜினாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் வாங்கில் இருந்தேன். சொல்லிவிடத்தான் போனேன். வாய் வரவில்லை. அழுகைதான் வந்தது. தன் புருஷனுக்காக அழுகிறேன் என்று நினைத்து அவள் என் முதுகைத் தடவிவிட்டாள். அந்தக் கையின் பாரத்தை நான் மறக்கவில்லை.

பூட்டும் நேரம் வந்தது. ஒருவரும் எழும்பவில்லை. ஐந்து இருபதுக்கு எடுத்தபோது ஒரு கடிதம் இறங்கத் தொடங்கியது. நீளமான கடிதம். மருந்தின் பெயர்கள், எத்தனை மாதம், எந்த அறிகுறி வந்தால் மட்டும் கத்தி, எல்லாம் இருந்தது. கடல் தண்ணீரில் வாழும் ஒரு கிருமியாம். உடம்புச் சூட்டில் அது வளராது, கொஞ்சம் குளிர்ந்த இடத்தில் வையுங்கள் என்றும் எழுதியிருந்தார். பிறகு பார்த்தால் எங்கள் ஆய்வுகூடத்து அலுமாரியே அதற்கு ஏற்ற சூடு. மூன்று கிழமையில் அங்கே அது வளர்ந்து தன்னைக் காட்டிக்கொடுத்தது.

பிரின்டரின் நாடா மங்கிப்போயிருந்தது. ஒரே பக்கத்தை இரண்டு தரம் ஒன்றின்மேல் ஒன்றாக அடித்தேன். டொக்டர் அதைக் கையெழுத்திட்டு, நேரம் போட்டு, ஒரு ஓட்டோவைப் பிடித்து றெஜினாவையும் ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்குப் போனார். எனக்கு அவரோடு ஏறத் துணிவில்லை. அடுத்த நாள் காலை அறுவை நடக்கவில்லை என்று கேள்விப்பட்டபோதுதான் சோறு இறங்கியது.

நாலு மாதம் மருந்து. கை தப்பியது, விரலும் தப்பியது. ஆனால் அந்த விரல் பிறகு முழுதாக நிமிரவில்லை, ஒரு வளைவு நின்றுவிட்டது. அது நோயால் வந்தது, இரண்டு நாளால் வந்ததல்ல என்று டொக்டர் சொன்னார். நம்பினேன், ஆனாலும் அந்த விரலை நேரே பார்க்க எனக்கு முடிவதில்லை.

வீட்டுக் கணினியின் நேரத்தை மாற்றினோம். சுவர் மணிக்கூட்டை மாற்ற டொக்டரின் மனைவி விடவில்லை. இரண்டு கணினியிலும் தாள் ஒட்டினேன். கொஞ்சக் காலத்தில் அரசாங்கம் பழைய நேரத்துக்கே திரும்பியது. அன்று காலை டொக்டர் கிளிப்பைக் கழற்றிக்கொண்டே, "எங்கடை வீட்டு மணிக்கூடு கடைசியிலை வெண்டிட்டுது பிள்ளை," என்றார். அந்த விஷயத்தைப் பற்றி அவர் என்னோடு பேசியது அவ்வளவுதான்.

அன்ரனும் றெஜினாவும் வருஷத்தில் ஒருதடவை, நண்டு நன்றாகப் படும் காலத்தில், டொக்டருக்கு ஒரு பை, எனக்கு ஒரு பை என்று கொண்டுவருவார்கள். டொக்டர் சைவம். அவருடைய பையும் எனக்குத்தான் வரும். இரண்டு பையையும் காய்ச்சிச் சாப்பிடும்போது எனக்கு ஒன்று தோன்றும். டொக்டர் இவர்களிடம் உண்மையைச் சொல்லவில்லையே, நன்றியை மட்டும் சிரித்துக்கொண்டு வாங்குகிறாரே என்று. நானும் சொல்லவில்லைதான். ஆனால் அவர் பெரியவர், அவர்தானே சொல்லவேண்டும் என்று எனக்குள்ளே ஒரு நியாயம் வைத்திருந்தேன். வேறு எதிலும் அவரிடம் குறை கண்டதில்லை. இதில் மட்டும் ஒரு சின்னக் குறை இருந்தது. அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. செத்தவீட்டில் நின்றபோதும் அந்தக் குறை என்னோடுதான் நின்றது.

போன ஞாயிற்றுக்கிழமை, நான் ஓய்வு பெற்றது கேள்விப்பட்டு, இருவரும் வீட்டுக்கே வந்தார்கள். அன்ரனுக்குத் தலை முழுக்க வெள்ளை. பையை வளைந்த விரலில் கொளுவிக்கொண்டு நீட்டினார். தர்சிகாவின் கேள்வி மனதில் கிடந்ததாலோ என்னவோ, பையை வாங்காமல் சொல்லத் தொடங்கிவிட்டேன்.

"இதை வாங்கமுதல் ஒண்டு சொல்லவேணும். அண்டைக்கு வெளிநாட்டுக்குப் போகவேண்டின கடிதம் ரெண்டு நாள் போகாமல் கிடந்தது. என்ரை பிழை. அந்தப் புதன்கிழமை பாக்காமல் விட்டிருந்தால் உங்கடை விரல் போயிருக்கும்."

றெஜினாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அது தெரியும் அக்கா."

"என்ன தெரியும்?"

"டொக்டர் ஓட்டோவிலையே சொன்னவர். ஆனைக்கோட்டை தாண்டமுதலே சொல்லிப்போட்டார். தன்ரை வீட்டு மணிக்கூட்டாலை ரெண்டு நாள் வீணாப் போட்டுதாம். சேர்ஜன் இனி ஏலாது எண்டு சொன்னால் தன்னைத்தான் கேக்கவேணுமாம், வேறை ஒருத்தரையும் கேக்கக்கூடாதாம்."

"என்னைப் பற்றி?"

"உங்களைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை."

அன்ரன் சிரித்தார். "அவர் தன்ரை பிழை எண்டவர். நீங்கள் உங்கடை பிழை எண்டுறியள். இவ்வளவு வருசமும் ஒரே இடத்திலை இருந்து ரெண்டுபேரும் கதைக்கேல்லையோ?"

கதைக்கவில்லை. ஓட்டோவில் போகும்போது அறுவை நிற்குமா நடக்குமா என்று அவருக்கே தெரியாது. விரல் தப்பியபிறகு சொல்வது சுலபம். அவர் அதற்குமுன் சொல்லியிருக்கிறார், வாங்கில் மூன்று நாள் இருந்த அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். நான் அந்த மனிதரைப் பற்றி இருபது வருஷம் குறை நினைத்துக்கொண்டு அவருடைய பங்கு நண்டையும் சாப்பிட்டிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. இரண்டு கணினியையும் நாள் தவறாமல் ஒன்றாக்கினேன். பக்கத்து அறையில் இருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கவில்லை.

தர்சிகா, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். புதிய கணினிகளில் அந்தத் தாளை ஒட்டத் தேவையில்லை. பழையவற்றில் இருப்பதையும் கிழித்துவிடலாம். டொக்டரின் அறையில் இருந்த கணினியில் உள்ளதை மட்டும் கிழியாமல் எடுத்துவை, நான் வந்து வாங்கிக்கொள்கிறேன். நீ கேட்டது அரைப்பக்கம், இது நீண்டுவிட்டது. வெட்டுவதென்றால் என்னைப் பற்றியதை வெட்டு, ஓட்டோவில் நடந்ததை வெட்டாதே.

எழுதி முடித்தது, பின்னேரம் 5.10.